நால்வருக்கு நூற்றுவீதம் எதற்கு?

மன்னார் மாவட்டத்தில், பெருவீதியிலிருந்து விலகிக் குளக்கட்டோடு உள்ளே போகும் ஒரு கிராமம். அங்குள்ள அரசாங்கப் பாடசாலையில் தரம் 1 முதல் 5 வரை மொத்தம் பத்தொன்பது பிள்ளைகள். அதிபரோடு இரண்டு ஆசிரியைகள். யுத்தத்தில் இடம்பெயர்ந்த சனம் 2010இல் திரும்பி வந்தபோது தறப்பாளின் கீழ் மீண்டும் தொடங்கிய பாடசாலை இது.

ஒரு வருடம் நான்கு பிள்ளைகள் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை எழுதினார்கள். ஒரு சிறுமி வெட்டுப்புள்ளியைத் தாண்டினாள். 25 வீதம் என்று பதிவாயிற்று. அடுத்த வருடம் மூவர் எழுதினார்கள், ஒருவரும் தாண்டவில்லை. பூச்சிய வீதம். கல்வி அதிகாரிகளின் கூட்டமொன்றில் காட்டப்பட்ட அட்டவணையில் இந்தப் பாடசாலைக்கு நேரே 'வீழ்ச்சி' என்றிருந்தது. அதே ஆசிரியை, அதே கரும்பலகை. மாறியது ஒரேயொரு பிள்ளையின் புள்ளிதான்.

ஆனால் கிராமத்தில் அந்தப் பூச்சியம் வேலை செய்தது. "பாதர், போன முறை ஒரு பிள்ளை பாஸ் பண்ணினது. இந்த முறை ஒண்டுமில்லை. பள்ளிக்கூடம் விழுந்துபோச்சு எண்டுதானே அர்த்தம்?" என்று ஒரு தகப்பன் என்னிடம் கேட்டார். புதிய வருடத்தில் மூன்று குடும்பங்கள் பிள்ளைகளை வானில் நகரத்துக்கு அனுப்பத் தொடங்கின. இருபத்திரண்டு பத்தொன்பதானது இப்படித்தான். மாணவர் தொகை குறைந்தால் ஆசிரியர் ஒதுக்கீடும் குறையும். ஆசிரியர் குறைந்தால் எஞ்சிய பெற்றாரும் வானைத் தேடுவார்கள். வான் காசு கட்ட வழியில்லாதவர்களின் பிள்ளைகளே கடைசிவரை இருப்பார்கள்.

இலங்கையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அரசாங்கப் பாடசாலைகள் உள்ளன. அவற்றுள் ஆயிரத்துக்கும் அதிகமானவற்றில் ஐம்பது பிள்ளைகள்கூட இல்லை. இவற்றையும் ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் கல்லூரிகளையும் ஒரே வீதக் கணக்கில் நிறுத்துவது நியாயமல்ல. புலமைப்பரிசில் பரீட்சையோ 200 புள்ளிகளுக்கு நடப்பது. வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும். வசதி குறைந்த கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு உதவுதொகையும் நல்ல பாடசாலையில் இடமும் கொடுப்பதற்கான தெரிவு அது. பாடசாலையை அளக்கும் கோல் அல்ல. (நானும் அதில் தவறியவன்தான். என் ஆசிரியர்மீது எனக்கு எந்தக் குறையுமில்லை.)

சிறிய பாடசாலை என்பதற்காக எல்லாவற்றையும் நியாயப்படுத்த நான் வரவில்லை. ஆசிரியர் கிழமையில் மூன்று நாள் மட்டும் வந்ததால் சிறுத்துப்போன பாடசாலைகளையும் கண்டிருக்கிறேன். இங்கே நிலைமை வேறு. மூத்த ஆசிரியை ஒரு சி.ஆர். கொப்பி வைத்திருக்கிறார். பிள்ளைக்கு ஒரு பக்கம். தரம் 3இல் படிக்கும் ஒரு பையனின் பக்கத்தைப் பார்த்தேன். தை மாதம் எழுத்துக்கூட்டி வாசித்தான். மாசியில் அரிவி வெட்டுக்குப் பெற்றாரோடு போனதால் இரண்டு கிழமை வரவில்லை. ஆனியில் ஒரு பந்தியைத் தடங்கலின்றி வாசித்தான். கடன் வாங்கிக் கழிக்க இன்னும் தெரியாது. அந்தப் பிள்ளையைப் பற்றி எந்த அட்டவணையிலும் இவ்வளவு விபரம் இல்லை.

ஒரு ஆசிரியை இரண்டு வகுப்புகளை ஒன்றாகப் படிப்பிப்பது பெரும் குறை என்று பலர் எண்ணுகிறார்கள். ஆயத்தமில்லாமல் செய்தால் குறைதான். தென்னமெரிக்காவின் கொலம்பியாவில் 1970களின் நடுப்பகுதியில் 'புதிய பாடசாலை' என்ற முறையைக் கிராமங்களில் ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் தாமே படித்து முன்னேறக்கூடிய வழிகாட்டி நூல்கள், சிறு குழு வேலை, குழுக்களிடையே நடமாடும் ஆசிரியர். கோப்பி அறுவடைக்குப் போய்த் திரும்பும் பிள்ளை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வகுப்பு ஏற்றம் தவறாது. 1997இல் இலத்தீன் அமெரிக்க நாடுகளில் யுனெஸ்கோ பரீட்சித்தபோது, மாநகரங்களை விட்டுப் பார்த்தால், கிராமப் பிள்ளைகள் நகரப் பிள்ளைகளை முந்திய நாடு கொலம்பியா. அரிவி வெட்டுக்குப் போகும் நம் பையனுக்கும் பொருந்துகிற முறைதானே இது?

இந்தப் பாடசாலையை அடுத்ததோடு இணைத்துவிடலாம் என்ற பேச்சும் காதில் விழுகிறது. அடுத்தது ஆறு கிலோமீற்றர் தூரம், காட்டுப்பாதை, யானை நடமாட்டம். கட்டாயக் கல்வி வயதை 2016இல் 14இலிருந்து 16ஆக உயர்த்தினார்கள். ஆனால் ஆறு வயதுப் பெண்பிள்ளையை அந்தப் பாதையில் தனியே அனுப்ப எந்தத் தாய்க்கு மனம் வரும்? இணைப்பதென்றால் முதலில் பஸ் ஓட வேண்டும். அதன் பிறகு பேசலாம்.

சென்ற மாதம் பெற்றார் கூட்டத்தில் அந்தக் கொப்பியை ஒவ்வொரு வீட்டாருக்கும் அவரவர் பிள்ளையின் பக்கத்தை மட்டும் திறந்து காட்டச் சொன்னேன். ஆசிரியை முதலில் தயங்கினார். வாசிக்கத் தெரியாத ஒரு தாய்க்கு அவருடைய மகளே வாசித்துக் காட்டினாள்.

முன்பள்ளியில் இப்போது ஐந்து பிள்ளைகள் இருக்கிறார்கள். ஐந்து வீட்டுக்கும் ஆசிரியை போய் வந்துவிட்டார். இரண்டு வீட்டார் வான்காரருக்கு முற்பணம் கொடுத்திருக்கிறார்கள். மற்ற மூன்று வீட்டாரும் இன்னும் யோசிக்கிறார்கள்.