உங்களுக்குத் தெரியுமா? வண்டி உடைந்தாலும் பதிவு நீங்காது

கம்பம் பள்ளத்தாக்கின் சுருளிப்பட்டி போன்ற ஊர்களில், திராட்சைப் பெட்டிகளைச் சுமந்து தேய்ந்த வேனைக் காயலான் கடையில், அதாவது பழைய இரும்பை எடைக்கு வாங்கும் கடையில், போட்டுவிட்டாலும், அதன் பதிவு தானாக நீங்குவதில்லை. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 55ஆம் பிரிவின்படி, வண்டி அழிந்தாலோ நிரந்தரமாகப் பயன்படாமற்போனாலோ, உரிமையாளர் 14 நாட்களுக்குள் அல்லது இயன்ற விரைவில் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து, பதிவுச் சான்றிதழையும் ஒப்படைக்க வேண்டும். 2021ஆம் ஆண்டின் மத்திய விதிகளின்கீழ் பதிவுபெற்ற வாகன உடைப்பு மையங்கள், எரிபொருள், எண்ணெய், பேட்டரி முதலியவற்றைப் பாதுகாப்பாக அகற்றி வண்டியைப் பிரிப்பதோடு, வண்டி தம்மிடம் ஒப்படைக்கப்பட்டதை உறுதிசெய்யும் ‘வைப்புச் சான்றிதழை’யும் வழங்குகின்றன, அதைக் காட்டிப் புதிய வண்டி வாங்குவோருக்குப் பதிவுக் கட்டண விலக்கும் உண்டு. ஆகவே, பழைய வண்டியைக் கொடுப்போர் இச்சான்றிதழைத் தவறாமல் கேட்டுப் பெறுக.