கிளிக் செய்தவர் ஏன் பாதியிலேயே கிளம்புகிறார்? லேண்டிங் பேஜில் நீங்கள் கவனிக்க வேண்டியவை

இன்ஸ்டாகிராமில் ஒரு விளம்பரம்: 'டேட்டா அனலிட்டிக்ஸ் கற்கலாம், முதல் வகுப்பு இலவசம்.' கிளிக் செய்கிறீர்கள். திறக்கும் பக்கத்தில் நிறுவனத்தின் வரலாறு, நிறுவனரின் படம், பத்துப் பன்னிரண்டு மெனு, திரையை மறைக்கும் பாப்-அப். இலவச வகுப்பு எங்கே? 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று மூடிவிடுகிறீர்கள். விளம்பரத்துக்குக் கொடுத்த காசு அவ்வளவுதான், போச்சு.

நாளைக்கே உங்கள் ஸ்டார்ட்அப்புக்காக இப்படியொரு பக்கத்தை நீங்கள் தயாரிக்க வேண்டி வரலாம். எதைக் கவனிக்க வேண்டும்?

லேண்டிங் பேஜ் என்றால் என்ன?

விளம்பரம், மின்னஞ்சல், வாட்ஸ்அப் லிங்க் வழியாக வருபவர் முதலில் வந்து இறங்கும் பக்கம் இது. ஹோம் பேஜ் எல்லோருக்குமானது. லேண்டிங் பேஜுக்கு ஒரே வேலைதான்: வந்தவர் எதற்காக வந்தாரோ, அதை முடித்துக்கொடுப்பது.

முதல் திரையில் என்ன இருக்க வேண்டும்?

விளம்பரத்தில் சொன்ன அதே வாக்கியம் தலைப்பாக வரட்டும். கீழே யாருக்கு, எப்போது, எவ்வளவு என்ற மூன்று விவரங்கள். பிறகு ஒரே ஒரு பட்டன். அதில் 'சமர்ப்பி' என்று எழுதுவதைவிட 'இலவச வகுப்பில் இடம் பிடி' என்று எழுதினால், அழுத்தினால் என்ன நடக்கும் என்பது புரிந்துவிடும். படிவத்தில் பெயரும் போன் நம்பரும் போதுமென்றால், பிறந்த தேதி எதற்கு?

எவ்வளவு வேகம் தேவை?

பக்கத்தின் முக்கியமான பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். பட்டனைத் தொட்டால் 200 மில்லி விநாடிக்குள் பக்கம் அசைந்து கொடுக்க வேண்டும். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5:1 நிற வேறுபாடாவது வேண்டும் என்கிறது டபிள்யூ3சி-யின் அணுகல் வழிகாட்டி. ஆபீஸ் லேப்டாப்பில் மட்டும் பார்த்து ஓகே சொல்லாதீர்கள். விலை குறைந்த போனில், வெயிலில் நின்று, ஒரே கையால் பயன்படுத்திப் பாருங்கள்.

எது எல்லை மீறல்?

பக்கத்தை ரீலோட் செய்தால் மறுபடி முதலிலிருந்து ஓடும் 'இன்னும் 5 நிமிடம்தான்' டைமர். 'வேண்டாம், எனக்கு முன்னேற ஆசையில்லை' என்று கூச்சப்பட வைக்கும் பட்டன். நீங்கள் கேட்காமலே பில்லில் ஏறும் நன்கொடை. இவற்றுக்கு டார்க் பேட்டர்ன் என்று 2010-ல் பெயர் வைத்தவர் பிரிட்டன் வடிவமைப்பாளர் ஹாரி பிரிக்னல்.

இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் இப்படி 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்கின்றன. மேலே சொன்ன மூன்றும் அதில் அடங்கும். அதே ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது. சம்மதம் கேட்கும் வாசகத்தை ஆங்கிலத்திலோ, தமிழ் உட்பட எட்டாவது அட்டவணை மொழிகளிலோ படிக்கும் வாய்ப்பையும் தர வேண்டும்.

எப்படிச் சோதிப்பது?

உங்கள் நிறுவனத்தைப் பற்றி எதுவுமே தெரியாத ஒருவரிடம் பக்கத்தை 5 வினாடி காட்டி மூடிவிடுங்கள். 'இது என்ன? எவ்வளவு? எதை அழுத்தணும்?' என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் வந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்குப் போனை அவர் கையிலேயே கொடுத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள், பிறகு அதை ரத்து செய்யச் சொல்லுங்கள். வழி தெரியாமல் உங்கள் முகத்தைப் பார்த்தால், திருத்த வேண்டியது அந்த இடத்தைத்தான்.