எல்லை கடந்த நெருக்கடி

1997ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் தாய்லாந்து ஓர் அறிவிப்பை வெளியிட்டது. அந்நாட்டு நாணயமான பாத்தின் மதிப்பை இனிச் சந்தையே முடிவு செய்யும் என்பதே அவ்வறிவிப்பு. அதுவரை ஏறத்தாழ 25 பாத் கொடுத்தால் ஓர் அமெரிக்க டாலர் கிடைத்தது. 1998 ஜனவரியில் அதே டாலருக்கு 50 பாத்துக்கு மேல் தர வேண்டியதாயிற்று. இதற்கிடையே இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், தென்கொரியா ஆகிய நாடுகளின் நாணயங்களும் சரிந்தன. ஒரு நாட்டில் தோன்றிய நெருக்கடி பிற நாடுகளுக்கு எவ்வாறு பரவியது?

நெருக்கடியின் வித்து

1990களின் முற்பகுதியில் தாய்லாந்தின் பொருளாதாரம் விரைந்து வளர்ந்தது. நாணயத்தின் மதிப்பு மாறாது என்னும் நம்பிக்கையில், அந்நாட்டு வங்கிகளும் நிறுவனங்களும் வெளிநாடுகளில் குறைந்த வட்டிக்கு டாலரில் கடன் பெற்றன. அவற்றுள் பல, குறுகிய காலத்தில் திருப்பித் தர வேண்டிய கடன்கள். அப்பணத்தில் பெரும்பங்கு நிலத்திலும் கட்டடங்களிலும் முடங்கியது. வாங்குவோரின்றிக் கட்டடங்கள் நின்றபோது கடன்களும் திரும்பவில்லை. பாத்தின் மதிப்பைக் காக்க மைய வங்கி தன் டாலர் கையிருப்பைச் செலவிட்டது. கையிருப்பு வற்றியதும் அம்முயற்சியைக் கைவிட்டது.

பரவிய வழிகள்

முதல் வழி வணிகம். பாத்தின் மதிப்பு குறைந்ததும் தாய்லாந்துப் பொருள்கள் உலகச் சந்தையில் மலிவாயின. அதே வகைப் பொருள்களை விற்ற அண்டை நாடுகள் போட்டியில் பின்தங்கும் என்ற கணிப்பு, அவற்றின் நாணயங்களையும் தாழ்த்தியது.

இரண்டாம் வழி கடன். ஜப்பானிய, ஐரோப்பிய வங்கிகள் இந்நாடுகள் பலவற்றுக்கும் கடன் கொடுத்திருந்தன. ஓரிடத்தில் இழப்பைக் கண்டதும், பிற இடங்களில் தந்த கடன்களைப் புதுப்பிக்கத் தயங்கின.

மூன்றாம் வழி அச்சம். தாய்லாந்தைப் போன்றவையே பிற நாடுகளும் என்று எண்ணிய முதலீட்டாளர்கள் தம் பணத்தைத் திரும்பப் பெற விரைந்தனர். அனைவரும் ஒரே நேரத்தில் டாலரைத் தேடியதால் உள்நாட்டு நாணயங்கள் வீழ்ந்தன. 10 லட்சம் டாலர் கடன்பட்ட தாய்லாந்து நிறுவனத்தின் சுமை, இரண்டரைக் கோடி பாத்திலிருந்து ஐந்து கோடிக்கு மேல் உயர்ந்தது. நல்ல நிலையில் இருந்த நிறுவனங்களும் இச்சுமையால் நொடித்தன. எதற்கு அஞ்சினரோ, அதனை அவ்வச்சமே உண்டாக்கியது.

விலை கொடுத்தோர்

டாலருக்கு ஏறத்தாழ 2,400 ஆக இருந்த இந்தோனேசிய ரூபியா, 1998இல் 15,000ஐயும் கடந்து வீழ்ந்தது. உணவுப் பொருள்களின் விலை ஏறியது, வேலையிழந்தோர் பெருகினர், கலவரம் மூண்டது. முப்பதாண்டுகளுக்கு மேல் ஆண்ட அதிபர் சுகார்த்தோ 1998 மே 21 அன்று பதவி விலகினார். தென்கொரியா 1997 நவம்பரில் பன்னாட்டுப் பண நிதியத்தின் உதவியை நாடியது. நாட்டின் கடனைத் தீர்க்க, அந்நாட்டு மக்கள் திருமண மோதிரங்கள் உள்ளிட்ட 200 டன்னுக்கு மேற்பட்ட தங்கத்தைத் திரட்டித் தந்தனர். டாலரில் கடன் வாங்கியவர்கள் சிலர். அதன் சுமையைத் தாங்கியவர்களோ ஒருபோதும் டாலரைக் கையில் தொட்டிராத எளிய மக்கள்.

கற்ற பாடம்

குறுகிய கால வெளிநாட்டுக் கடனுக்கும் மூலதனப் போக்குவரத்துக்கும் கட்டுப்பாடுகளை வைத்திருந்த இந்தியாவும் சீனாவும் குறைவாகவே பாதிக்கப்பட்டன. 2000ஆம் ஆண்டு மே மாதம், தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் தென்கிழக்காசிய நாடுகள் சீனா, ஜப்பான், தென்கொரியா ஆகியவற்றுடன் கூடின. நெருக்கடிக் காலத்தில் ஒன்றுக்கொன்று அந்நியச் செலாவணி தந்து உதவ அவை உடன்பட்டன. ஆசிய நாடுகள் பலவும் தம் டாலர் கையிருப்பையும் பெருக்கிக்கொண்டன. நாடுகளை இணைக்கும் வணிகமும் கடனும் வளர்ச்சிக்குத் துணைபுரிவன. நெருக்கடி பரவுவதும் அவற்றின் வழியேதான். ஆதலால், வளமான காலத்திலேயே கடனுக்கு அளவு வகுப்பதும் கையிருப்பைப் பேணுவதும் ஒவ்வோர் அரசின் கடமையாகும்.