முப்பொருள்

முப்பொருள் என்பது இறைவன், உயிர், சடப்பொருள் ஆகிய மூன்றும் என்றும் உள்ளவை எனக் கொள்ளும் தத்துவப் பகுப்பு. சைவ சித்தாந்தம் இவற்றைப் பதி, பசு, பாசம் என்கிறது. இராமானுசரின் விசிட்டாத்வைதம் ஈசுவரன், சித்து, அசித்து என்கிறது. இத்தொகுப்புக்குத் தத்துவத் திரயம் என்று பெயர். இவ்விரு மரபுகளோடும் நெருங்கிய தொடர்புடைய தலங்கள் இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ளன.

பகுப்பின் தேவை

நான் யார், உலகம் எதனால் ஆனது, துன்பம் ஏன் வந்தது, அது நீங்குமா என்பன எல்லாத் தத்துவங்களுக்கும் பொதுவான வினாக்கள். இவற்றுக்கு விடை காண, உள்ளவற்றை எல்லாம் சில வகைகளுக்குள் அடக்கிப் பார்ப்பது வழக்கம். சாங்கியம் 25 தத்துவங்களைக் கூறுகிறது. வைசேடிகம் பொருள், குணம், தொழில் முதலிய பதார்த்தங்களைக் கூறுகிறது. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் 10 வகைகளைக் குறிப்பிட்டார். ஒரு பகுப்பில் ஒரு கருத்தை எடுத்துவிட்டால் எந்த வினா விடையின்றி நிற்கிறது என்று பார்த்தால், அக்கருத்து எதற்காக வைக்கப்பட்டது என்பது விளங்கும்.

பதி, பசு, பாசம்

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் இயற்றிய சிவஞானபோதம் 12 நூற்பாக்களில் இம்மூன்றையும் நிறுவுகிறது. பதி இறைவன், பசு உயிர், பாசம் உயிரைக் கட்டியிருப்பது. பாசம் ஆணவம், கன்மம், மாயை என மூவகைப்படும். உயிரின் அறிவை மறைப்பது ஆணவம்; வினையும் அதன் பயனும் கன்மம்; உடலும் உலகும் தோன்றுவதற்கு மூலம் மாயை.

இறைவன் நல்லவன் என்றால் உயிருக்கு அறியாமை எப்படி வந்தது என்ற வினாவுக்கு விடையாக அமைவது ஆணவம். செம்பில் களிம்பு போல அது உயிரோடு அநாதியாகவே உள்ளது. எனவே அது இறைவன் தந்தது அன்று. மூன்று மலங்களும் உடைய உயிர்கள் சகலர் எனப்படும். மனிதர் இவ்வகையினர். சகலருக்கு இறைவன் மானிட வடிவில் குருவாக வந்து உணர்த்துவான் என்பது கொள்கை. திருக்கழுக்குன்றத்தில் மாணிக்கவாசகருக்கு இறைவன் குருவடிவம் காட்டினான் என்னும் மரபு இக்கொள்கையோடு இயைந்தது.

சித்து, அசித்து, ஈசுவரன்

இராமானுசருக்குப் பெரிய நம்பி மதுராந்தகத்தில் பஞ்ச சமஸ்காரம் செய்வித்தார் என்பது வைணவ குருபரம்பரைச் செய்தி. அவரது தத்துவத்தின் மையக் கருத்து உடல், உயிர் உறவாகும். உயிர்களும் சடப்பொருளும் ஈசுவரனுக்கு உடல். அவன் அவற்றுக்கு உள்ளுயிர். உடல் உயிரைவிட்டுத் தனித்து இயங்காது. ஆனாலும் உடலும் உயிரும் ஒன்றல்ல. ஒரே பரம்பொருள் எப்படிப் பலவாகத் தோன்றும் என்ற வினாவுக்கு இதுவே அவர் விடை.

அத்வைதம் உலகத் தோற்றத்துக்கு அவித்தையைக் காரணமாகக் கூறியது. அந்த அவித்தை யாரைச் சார்ந்தது என்று இராமானுசர் ஸ்ரீபாஷ்யத்தில் வினவினார். பிரம்மத்தைச் சார்ந்தது என்றால், அறிவே வடிவான பொருளில் அறியாமை இருக்க முடியாது. சீவனைச் சார்ந்தது என்றால், சீவனே அவித்தையால் தோன்றியது என்று அத்வைதம் கூறுவதால் அதுவும் பொருந்தாது. பின்னர் பிள்ளை லோகாசாரியர் தத்துவத்திரயம் என்னும் நூலில் மூன்று பொருள்களையும் வகைப்படுத்தி விளக்கினார்.

ஓர் எடுத்துக்காட்டு

மதுராந்தகம் கோயிலில் உள்ள இறைவன் ஏரிகாத்த ராமர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், லயனல் பிளேஸ் கலெக்டராக இருந்தபோது, பெருமழையில் உடையவிருந்த ஏரிக்கரையை ராமரும் இலக்குவனும் காத்தனர் என்பது தலக்கதை. இதை வெவ்வேறு தத்துவங்கள் வழியே பார்க்கலாம்.

நிலம், நீர், தீ, காற்று மட்டுமே உண்மை என்னும் உலகாயதருக்குக் கரை நின்றது மண்ணின் வலிமையால். அத்வைதத்தில் ஏரியும் காவலும் நடைமுறை நிலையில் உண்மை. முடிந்த நிலையில் பிரம்மம் ஒன்றே. விசிட்டாத்வைதத்தில் நீர், கரை, ஊரார் அனைத்தும் ஈசுவரனின் உடல்; உடலைக் காப்பது உள்ளுயிரின் இயல்பு. சைவ சித்தாந்தத்தில் நீரும் கரையும் மாயையின் காரியம். ஊரார் அடையும் நன்மையும் தீமையும் கன்மப் பயன். அப்பயனை உரியவரிடம் சேர்ப்பது பதி. நிகழ்வு ஒன்றே, ஏற்றுக்கொண்ட பொருள்களுக்கு ஏற்ப விளக்கம் மாறுகிறது.

முத்தியில் உயிரின் நிலை

பகுப்பின் விளைவு மிகத் தெளிவாகத் தெரிவது முத்தி பற்றிய கொள்கையில்தான். அத்வைதத்தில் தனி உயிர் என்ற எண்ணமே நீங்க வேண்டியது. மற்ற இரு மரபுகளிலும் உயிர் என்றும் உள்ள பொருள். ஆகவே அது அழிவதில்லை. விசிட்டாத்வைதத்தில் அது வைகுந்தத்தில் இறைவனுக்குத் தொண்டு செய்து இன்புறும். சைவ சித்தாந்தத்தில் அது சிவத்தோடு பிரிவின்றி நின்று இன்பம் நுகரும். ஆணவம் வலியிழந்து கிடக்கும். எனவே "விடுதலைக்குப் பின் நான் இருப்பேனா?" என்ற வினாவுக்கு உரிய விடை, உயிரைத் தனிப்பொருளாக எண்ணியதா இல்லையா என்பதிலேயே அடங்கியுள்ளது.

மாமல்லபுரமும் காலவரிசையும்

வைணவம் ஈசுவரனின் நிலைகளைப் பரம், வியூகம், விபவம், அந்தர்யாமி, அர்ச்சை என ஐந்தாகப் பகுக்கும். மாமல்லபுரம் வராக மண்டபத்தில் உள்ள வராகர், திரிவிக்கிரமர் சிற்பங்கள் விபவம் எனப்படும் அவதார நிலைக்குப் பொருந்தும். பூதத்தாழ்வார் பிறந்த தலமாகிய அவ்வூரின் தலசயனப் பெருமாள் அர்ச்சை நிலைக்கு எடுத்துக்காட்டு. ஆனால் வராக மண்டபம் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மேற்கூறிய நூல்கள் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவை. ஆகவே சிற்பிகள் இந்நூல்களைப் பின்பற்றினர் எனக் கொள்ளக் கூடாது. கடற்கரைக் கோயிலில் இரண்டு சிவன் கருவறைகளுக்கு இடையே பள்ளிகொண்ட திருமால் இருக்கிறார். வழிபாடும் கலையும் முன்னே தோன்றின. அவற்றின் பொருளை வினவி வகைப்படுத்திய முப்பொருள் நூல்கள் பின்னே வந்தன.