அம்மாயியின் தகரப் பெட்டி

எங்கள் அம்மாயி 2011 ஆம் ஆண்டு வவுனியா மாவட்டத்தில் காலமானார். அப்போது அவருக்கு என்ன வயது என்று பதிவாளர் கேட்டார். எங்களில் எவராலும் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அடையாள அட்டையில் இருந்த ஆண்டு யாரோ ஓர் அலுவலர் முகத்தைப் பார்த்து மதிப்பிட்டு எழுதியது. பால் பற்கள் விழுந்த வயதில் தலைமன்னாரில் இறங்கியதாகவும், பெரிய காய்ச்சல் வந்த ஆண்டுக்கு முன்னரே தான் பெரியவளாகிவிட்டதாகவும் அம்மாயி சொல்லியிருந்தார். அந்தப் பெரிய காய்ச்சல் 1934 கடைசியிலும் 1935 இலும் இலங்கையை வாட்டிய மலேரியா. ஆகவே தொண்ணூற்றிரண்டோ தொண்ணூற்றுமூன்றோ இருக்கும் என்று எழுதிக் கொடுத்தோம்.

அவர் பிறந்தது திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில், துறையூர்ப் பக்கம் ஒரு சிற்றூர். மழை பொய்த்த ஆண்டொன்றில் கங்காணியின் ஆள் வந்து, இலங்கையில் தேங்காயும் மாசியும் மரத்தடியில் கிடக்கும் என்று ஆசை காட்டினானாம். (மாசி கடலில் அகப்படும் மீன் என்பது பாவம் அவர்களுக்கு எப்படித் தெரியும்?) குடும்பம் மண்டபம் முகாமுக்கு வந்தது. அங்கே அம்மை ஊசி குத்தினார்கள், துணிகளை ஆவியில் போட்டு எடுத்தார்கள், நாட்கணக்கில் அடைத்து வைத்தார்கள். பிறகு தனுஷ்கோடியிலிருந்து கப்பல், தலைமன்னாரிலிருந்து ரயில். கடைசியாக இரத்தினபுரி மாவட்டத்தில் எஹலியகொடைப் பக்கம் ஓர் இறப்பர் தோட்டத்து லயத்தில் ஒரு காம்பரா கிடைத்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி இருக்கும் என்பார். அதில் ஏழு பேர்.

மலையகம் என்றால் தேயிலைக் கொழுந்தும் கூடையும்தான் பலருக்கு நினைவு வரும். சப்பிரகமுவவில் கதை வேறு. அங்கே தேயிலையோடு இறப்பரும் உண்டு. அம்மாயி தன் வாழ்வின் பெரும்பகுதி பால் வெட்டினார். வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் விடிவதற்கு முன்பே பிரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். ஏறக்குறைய 300 மரம் ஒரு நாள் கணக்கு. பட்டையைச் சீவும்போது கத்தி உள்ளே ஆழமாகப் போனால் மரம் காயப்படும், கங்காணி ஏசுவார். மேலாகச் சீவினால் பால் வராது, கணக்கப்பிள்ளை ஏசுவார். வெட்டி முடித்துத் திரும்பிவந்து சிரட்டைகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, மேடு பள்ளம் ஏறி இறங்கி ஸ்டோருக்குக் கொண்டுபோய் நிறுக்க வேண்டும்.

இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. மழைத் தண்ணீர் பட்டை வழியாக ஓடினால் பால் சிரட்டையில் தங்காது. "மழை பேஞ்சா பால் இல்ல. பால் இல்லாட்டி பேரு இல்ல. பேரு இல்லாட்டி அடுப்பு இல்ல" என்பார் அம்மாயி. பேர் என்றால் ஒரு நாள் சம்பளம் என்பது உங்களில் தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்குத் தெரியும். 1927 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1929 இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் தாழ்நாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40 சதம், பிள்ளைகளுக்கு 30 சதம். 1930களின் பொருளாதார மந்தத்தில் அதையும் குறைத்தார்கள். ஒரே மலையில் ஒரே அளவு வேலை செய்த பெண்ணுக்கு ஆணுக்குரிய சம்பளம் 1984 இல்தான் கிடைத்தது. அப்போது அம்மாயி தோட்டத்திலேயே இல்லை.

மலேரியாவில் தம்பி ஒருவரை இழந்தார். மழை குறைந்து ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கியதில் நுளம்பு பெருகி, ஏறக்குறைய 80,000 பேர் நாடெங்கும் மாண்டார்கள். கேகாலை, குருநாகல் பக்கங்களில் மிக மோசம். காய்ச்சல் ஓய்ந்த பிறகு திருமணமாகிக் கஹவத்தைப் பக்கம் போனார். ஏழு பிள்ளைகள் பிறந்தன, ஐந்து நிலைத்தன. பிரட்டுக்குப் போகும்போது கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு, பால் கொடுக்க இடையில் ஓடிவருவாராம். மாலையில் லயத்துக்குப் பின்னால் இருந்த ஒரு துண்டு நிலத்தில் மரவள்ளி, பூசணி, அவரை. தோட்டத்து நிலம் துரையுடையது, ஆனால் கொத்தினது நான் என்று பெருமையாகச் சொல்வார்.

பெட்டியின் கதை 1948 இல் தொடங்குகிறது. அந்த ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1949 இல் வந்த இன்னொரு சட்டம், இத்தனை வருடம் தொடர்ந்து இங்கே வாழ்ந்ததை எழுத்தில் நிரூபித்தால் பிரசையாகப் பதிவு செய்யலாம் என்றது. லயத்தில் பிறந்து லயத்தில் சாகிறவர்களிடம் எழுத்து ஏது? சுமார் எட்டு இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. 134,000 பேர் அளவில்தான் பிரசாவுரிமை பெற்றார்கள். கேகாலை மாவட்டத்து ருவன்வெல்ல தொகுதியில் வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கப்பட்ட கோடாகன் பிள்ளையின் வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில்வரை போய் 1953 இல் தோற்றது. அம்மாயியின் கணவரின் விண்ணப்பமும் தள்ளுபடியானது. அன்றுதான் அம்மாயி சந்தையில் ஒரு தகரப் பெட்டி வாங்கினார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தோட்டத்து அலுவலகம் கொடுத்த எந்தக் கடதாசியும் அதற்குப் பிறகு அடுப்புக்குப் போகவில்லை. செக்ரோல் துண்டு, பிள்ளைகளின் பிறப்புப் பதிவு, மருந்துச் சீட்டுக்கூட உள்ளே போனது.

1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று எண்ணிப் பிரித்தார்கள். (அடுத்த இரண்டு மாதத்துக்குள் அம்மாயி கப்பலேறிய தனுஷ்கோடியைப் புயல் அழித்தது.) மூத்த மாமா இந்தியாவுக்கு விண்ணப்பித்தார். பாஸ்போட் வந்ததும் மனைவி பிள்ளைகளோடு இராமேஸ்வரம் போய், தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு நடத்திய கூடலூர்த் தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் லயத்தில் குடியேறினார். அம்மாயி போகவில்லை. தம்பியையும் இரண்டு பிள்ளைகளையும் இந்த மண்ணில் புதைத்திருக்கிறேன் என்பது அவர் சொன்ன காரணம். தாயும் மகனும் அதன் பிறகு நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை.

1981 ஓகஸ்ட்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் வன்முறை வெடித்தது. லயங்கள் எரிந்தன. இரவோடிரவாகக் காட்டுக்குள் ஓடிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அம்மாயி பானை சட்டியை எடுக்கவில்லை. பெட்டியை எடுத்தார், சாம்பலில் புரட்டித் துணியில் முடிந்த விதைகளை எடுத்தார். எங்களை ஓர் இரவு தன் வீட்டில் ஒளித்துச் சோறு போட்டவர் பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பெண்மணி என்பதையும் அம்மாயி யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை.

வவுனியாவில் அப்போது டேவிட் ஐயாவும் டொக்டர் இராஜசுந்தரமும் தொடங்கிய காந்தியம் அமைப்பு, தோட்டங்களிலிருந்து வந்தவர்களைக் குடியமர்த்தி வந்தது. (இராஜசுந்தரம் 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார்.) எங்களுக்கும் காடு வெட்டிய ஒரு துண்டு கிடைத்தது. அறுபதைத் தாண்டிய வயதில் அம்மாயி விவசாயம் படித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். இரத்தினபுரி மழையில் பாதிகூட வன்னியில் இல்லை. பெய்வதும் மாரியோடு முடிந்துவிடும். முதல் வருடம் மரவள்ளி காய்ந்தது. அடுத்த வருடம் குளிக்கும் இடத்துத் தண்ணீரை வாய்க்கால் போட்டுத் திருப்பி, அடியில் சருகு போர்த்தி வளர்த்தார். உழுந்தும் பயறும் எப்போது விதைப்பது என்று அயல் வன்னி விவசாயிகளிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். கேட்க அவருக்கு வெட்கம் இருந்ததில்லை.

1984 இல் டொலர், கென்ற் பண்ணைகளிலிருந்து நம் மக்களை வெளியேற்றியபோது நாங்களும் பயந்து நகர்ந்தோம். 1990 இல் மடுவுக்கு ஓடினோம். போகுமிடமெல்லாம் பெட்டியும் விதை முடிச்சும் வந்தன. மடு முகாமில் கூடாரத்தைச் சுற்றி அவரை படர்ந்திருந்தது. நிவாரணம் கொடுக்க வந்தவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். கொஞ்ச நாளில் காய் கேட்டும் வந்தார்கள்.

2003 இல் 35 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களது சந்ததிக்கும் பிரசாவுரிமை என்றது. அந்த ஆண்டு டிசெம்பரில் பத்தே நாட்களில் ஏறக்குறைய 190,000 பேர் பதிவு செய்துகொண்டார்கள். அம்மாயி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார். மேசையில் இருந்த இளைஞர் ஒவ்வொரு கடதாசியாகப் புரட்டி, "ஆச்சி, இவ்வளவும் தேவையில்லையே" என்றார். "இருக்கட்டும் தம்பி, பாருங்க" என்றார் அம்மாயி. 55 வருடம் கழித்து ஒரு நாட்டின் பிரசை ஆனார். அடுத்த தேர்தலில் விரலில் மை வைத்துக்கொண்டு வந்து மூன்று நாள் அந்தக் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவவில்லை.

காணி மட்டும் அவர் காலத்தில் முடியவில்லை. நாங்கள் உழுகிற இரண்டு ஏக்கருக்கு இன்றும் அனுமதிப் பத்திரம் கைக்கு வரவில்லை. கடந்த முறை காணிக் கச்சேரிக்கு அழைத்தபோது எப்போதிருந்து இங்கே இருக்கிறீர்கள், என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். அம்மா பெட்டியைத் திறந்தார். கிணறு வெட்ட வாங்கிய சீமெந்துக்கான பற்றுச்சீட்டு, 1982 ஆம் ஆண்டுத் திகதியோடு, மடித்தபடியே இருந்தது. பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தந்திருக்கிறார்கள்.