மால்டேஸ் என்பது ஒரே நொதியா?

செரிமானப் பாடத்தில் கார்போஹைட்ரேட் நொதிகளைப் பெரும்பாலும் அட்டவணையாகவே கரும்பலகையில் எழுதுகிறோம். மால்டோஸுக்கு மால்டேஸ், சுக்ரோஸுக்கு சுக்ரேஸ், லாக்டோஸுக்கு லாக்டேஸ். மனப்பாடம் செய்ய வசதிதான். ஆனால் ஒரு சர்க்கரைக்கு ஒரு நொதி என்ற எண்ணமும் கூடவே பதிந்துவிடுகிறது. அதனால் 11ஆம் வகுப்பில் அட்டவணையை எழுதி முடித்ததும், "மால்டேஸ் என்பது ஒரே நொதியா?" என்று கேட்பது என் வழக்கம்.

நம் சிறுகுடலில் மால்டோஸைச் சிதைக்கும் வேலையில் ஏறக்குறைய 80 விழுக்காட்டைச் செய்வது சுக்ரேஸ்-ஐசோமால்டேஸ். எஞ்சியதை மால்டேஸ்-குளுக்கோஅமைலேஸ் செய்கிறது. சர்க்கரையின் பெயரை வைத்து மட்டும் நொதிகளை வகைப்படுத்தினால் இந்த உறவு தெரியாமலே போகும். அதைக் காட்டித்தரும் கருவிகளுள் ஒன்று போட்டித் தடுப்பான்.

போட்டித் தடுப்புக்கு வழக்கமான எடுத்துக்காட்டு மாலோனிக் அமிலம். நான் அகார்போஸைச் சொல்கிறேன். இரண்டாம் வகை நீரிழிவுக்குத் தரப்படும் இந்த மாத்திரை, சில மாணவர்களின் வீட்டிலேயே இருக்கக்கூடும். இதன் மூலக்கூறு நான்கு வளையங்கள் கோத்த சிறிய ஸ்டார்ச்சுத் துண்டைப் போன்றது. ஆனால் நொதி வெட்ட வேண்டிய இணைப்பில் ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரஜன் இருக்கிறது. நொதி அதைப் பற்றிக்கொள்ளும், வெட்ட முடியாது.

அகார்போஸ் கணைய அமைலேஸ், குளுக்கோஅமைலேஸ், சுக்ரேஸ் ஆகியவற்றைத் தடுக்கிறது. லாக்டேஸை அது கிட்டத்தட்டத் தொடுவதே இல்லை. முதல் மூன்றும் குளுக்கோஸின் ஆல்ஃபா பிணைப்பை வெட்டுபவை. லாக்டேஸ் வெட்டுவது காலக்டோஸின் பீட்டா பிணைப்பை. அட்டவணையில் தனித்தனி வரிசையில் நின்றவை ஒரே தடுப்பானால் இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிடுகின்றன.

இன்னும் நுட்பமாகவும் பிரிக்கலாம். ஒரே கிளர்வு மையம்தான் மால்டோஸையும் சுக்ரோஸையும் வெட்டுகிறது என்றால், எந்தச் சர்க்கரையைத் தளப்பொருளாக வைத்து அளந்தாலும் தடுப்பு மாறிலி ஒன்றாகவே வர வேண்டும். வெவ்வேறாக வந்தால் அங்கே வேறொரு மையமும் வேலை செய்கிறது என்று ஐயப்பட வேண்டும். இதற்கு ஒற்றை அளவீடு போதாது. தளப்பொருளின் செறிவைக் கூட்டினால் போட்டித் தடுப்பு தளர்ந்துவிடும். உச்ச வேகம் மாறாது, மைக்கேலிஸ் மாறிலி மட்டும் கூடியதுபோல் தோன்றும். ஆகவே பல செறிவுகளில் அளந்து வரைபடம் வரைய வேண்டும். தேர்வில் அந்த வரைபடத்தை மட்டும் கேட்டுவிட்டு, அது எதற்குப் பயன்படுகிறது என்று கேட்காமல் விடுவது எனக்குக் குறையாகவே படுகிறது.

பாட முடிவில் மாணவர்களிடம் கேட்க ஒரு கேள்வி: அகார்போஸும் இன்சுலினும் எடுக்கும் தாத்தாவுக்கு ரத்தச் சர்க்கரை திடீரெனக் குறைந்து வியர்க்கிறது, கை நடுங்குகிறது. சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுக்கலாமா? பலரும் "கொடுக்கலாம்" என்பார்கள். நாம் வீட்டில் பயன்படுத்தும் சர்க்கரை சுக்ரோஸ். அதை உடைக்க வேண்டிய சுக்ரேஸ் தடைபட்டிருப்பதால் குளுக்கோஸ் உடனே ரத்தத்தில் சேராது. அவருக்குக் கொடுக்க வேண்டியது, எந்த நொதியும் தேவைப்படாத குளுக்கோஸ் பொடி.