சென்னையின் உள்ளூர் உணவகங்கள்: விருப்பமும் ஏமாற்றமும்

சென்னை மக்கள் நாள்தோறும் சென்று உண்ணும் மெஸ், டிபன் கடை, பிரியாணிக் கடை, கையேந்தி பவன் ஆகியவை உள்ளூர் உணவகங்கள் எனப்படும். நட்சத்திர விடுதிகளின் உணவகங்கள் இவற்றில் சேரா. உள்ளூர் உணவகங்களுள் சில, பல பத்தாண்டுகளாக மக்களின் விருப்பத்துக்கு உரியனவாக இருந்து வருகின்றன. வேறு சில, நல்ல பெயர் எடுத்த சில ஆண்டுகளிலேயே ஏமாற்றம் தருகின்றன. இதற்குச் சமையற்காரரின் கைப்பக்குவம் மட்டும் காரணம் அன்று. எத்தனை பண்டங்கள் செய்கிறார்கள், செய்ததை எவ்வளவு நேரம் வைத்து விற்கிறார்கள் என்பவையே பெரும்பாலும் காரணம்.

பின்னணி

சென்னையின் உணவகங்களைப் பெரிதும் வளர்த்தவர்கள் வெளியூர்களிலிருந்து வந்து குடியேறியவர்கள். உடுப்பிப் பகுதியிலிருந்து வந்த கே. கிருஷ்ணராவ் 1938இல் இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் உணவகத்தைத் தொடங்கினார். திருவல்லிக்கேணியில் 1948இல் தொடங்கப்பட்ட ரத்னா கஃபே வட இந்தியக் குடும்பம் ஒன்றினுடையது. ஆனால் அது பெயர் பெற்றதோ இட்லி சாம்பாரால்! அண்ணா சாலையில் உள்ள புகாரி ஓட்டல் 1951இல் தொடங்கப்பட்டது. சிக்கன் 65 என்னும் பண்டம் அங்கே 1965இல் அறிமுகமானது என்பது அவ்வுணவகத்தாரின் கூற்று. பெயருக்கு வேறு கதைகளும் பல உண்டு. 1960களில் பர்மாவை விட்டு வெளியேறிய தமிழர்கள் கொண்டு வந்த அத்தோ, இன்றும் பாரிமுனைப் பகுதியில் பர்மா பஜாரை ஒட்டிய தள்ளுவண்டிகளில் கிடைக்கிறது.

விரும்பப்படும் கடைகளின் இயல்பு

மக்கள் நெடுங்காலமாக நாடிச் செல்லும் கடைகளைக் கவனித்தால் ஒரு பொதுத்தன்மை தெரியும். மயிலாப்பூரில் உள்ள ராயர் கஃபே மிகச் சிறிய இடம். இட்லி, பொங்கல், வடை போன்ற சில பண்டங்களும் கெட்டிச் சட்னியும்தான் அதன் அடையாளம். இடம் கிடைக்காதவர்கள் வெளியே காத்து நிற்பார்கள். சௌகார்பேட்டையில் உள்ள சீனா பாய் டிபன் கடையில் நெய்யும் பொடியும் இட்ட இட்லியும் ஊத்தப்பமும்தான் முதன்மை, மாலையில்தான் வியாபாரம். ரத்னா கஃபேயில் இட்லியின் மேல் சாம்பாரைத் தாராளமாக ஊற்றுவார்கள். இட்லிக்குச் சாம்பார் என்பதைவிடச் சாம்பாருக்கு இட்லி என்றே சொல்லலாம்.

பண்டங்கள் குறைவாக இருந்தால் ஒவ்வொன்றும் விரைவில் விற்றுத் தீரும். தீர்ந்தால் அடுத்த ஈடு சூடாக வரும். ‘தீர்ந்துவிட்டது’ என்று சொல்லத் தயங்காத கடையை நம்பலாம். நூறு பண்டங்களை அட்டையில் அச்சிட்டு, எந்த நேரத்திலும் எல்லாம் உண்டு என்னும் கடையில், அவற்றுள் பல முன்னமே செய்து வைக்கப்பட்டவையாகத்தான் இருக்க முடியும்.

ஏமாற்றம் எங்கே தொடங்குகிறது?

இட்லியையே எடுத்துக்கொள்வோம். நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பது வழக்கமான அளவு. உளுந்தின் விலை ஏறும்போது சிலர் அதைக் குறைத்து, மென்மைக்காகச் சோடா உப்பைச் சேர்ப்பார்கள். அத்தகைய இட்லி பார்வைக்கு உப்பியிருக்கும்; ஆறியதும் ரப்பர் போலாகிவிடும். சென்னை வெயிலில் மாவு விரைவில் பொங்கிப் புளித்துவிடும். ஆகவே காலையில் நன்றாக இருந்த கடையில் அதே மாவில் இரவு வார்க்கும் தோசை புளிக்கிறது. சமையற்காரர் மாறவில்லை, மாவுதான் மாறியது.

சாம்பாரின் கதை வேறு. கூட்டம் எதிர்பார்த்ததைவிட மிகுந்தால், புதிதாகப் பருப்பு வேகவைக்க நேரம் இருக்காது, வெந்நீர் ஊற்றுவார்கள். பதினொரு மணிக்குச் செல்பவருக்குக் கிடைப்பது ஏழு மணிச் சாம்பாரின் நிழல்தான். பொங்கல் ஆற ஆற இறுகும். அதை இளக்குவதற்கு நெய் வேண்டும். தண்ணீரால் இளக்கினால் சுவை போய்விடும். காபியில் முதல் டிகாக்ஷனுக்கும், அதே தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்கியதற்கும் உள்ள வேறுபாட்டைச் சென்னைவாசிக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

கிளைகள் பெருகும்போதும் ஏமாற்றம் வருகிறது. ஒரே இடத்தில் சமைத்துப் பல கிளைகளுக்கு வண்டியில் அனுப்பினால் அளவும் சுவையும் ஒரே சீராக இருக்கும் என்பது உண்மை. ஆனால் சட்னி, வடை, பொங்கல் மூன்றும் பயணத்தைத் தாங்கா. வளர்ச்சியே தவறு என்பதில்லை, 1981இல் கே.கே. நகரில் தொடங்கிய சரவண பவன் பல நாடுகளில் கிளை பரப்பியது. எனினும் ‘முதல் கடையின் சுவை இங்கே இல்லை’ என்னும் பேச்சு, எந்தக் கடை கிளை விரித்தாலும் எழுவது இயல்பு.

யாருக்கு இழப்பு?

குடும்பத்தோடு வசிப்பவருக்கு மோசமான உணவகம் ஒரு மாலைப்பொழுதின் வருத்தம். மறுநாள் வீட்டில் சமைப்பார்கள். திருவல்லிக்கேணி மேன்ஷனில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞருக்கு அப்படி அன்று. அறையில் அடுப்பு இல்லை. பக்கத்து மெஸ்தான் அவருடைய சமையலறை. அங்கே எண்ணெய் கெட்டால் அவர் வயிறு கெடும்; விலை ஏறினால் ஊருக்கு அனுப்பும் பணம் குறையும். சென்னை மாநகராட்சி 2013இல் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி 1 ரூபாய்க்கும், சாம்பார் சாதம் 5 ரூபாய்க்கும், தயிர் சாதம் 3 ரூபாய்க்கும் விற்கப்பட்டன. கூலித் தொழிலாளர்களுக்கு அது எத்தகைய துணையாக இருந்தது என்பதை இந்தக் கண்ணோட்டத்தில்தான் புரிந்துகொள்ள முடியும்.

நல்ல கடை மூடப்படுவதும் ஏமாற்றமே. கதீட்ரல் சாலையில் 1962 முதல் நடந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன், மரநிழலில் காரை நிறுத்திவிட்டு அதற்குள்ளேயே இருந்து உண்ணும் வசதிக்குப் பெயர் பெற்றது. எழுத்தாளர்களும் மாணவர்களும் ஒரு காபியோடு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்த இடம் அது. அது 2008இல் மூடப்பட்டது. சுவை குறைந்ததால் அன்று. நிலம் அரசின் வசம் சென்றதால். அந்த இடத்தில் 2010 முதல் செம்மொழிப் பூங்கா உள்ளது.

கவனிக்க வேண்டியவை

உணவகம் ஒவ்வொன்றும் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க உரிம எண்ணையோ பதிவு எண்ணையோ பார்வையில் படும்படி வைத்திருக்க வேண்டும். பொரித்த எண்ணெயையே மீண்டும் மீண்டும் காய்ச்சும்போது அதில் துருவச் சேர்மங்கள் எனப்படும் கழிவுப் பொருள்கள் பெருகுகின்றன; அவை 25 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது. உண்பவர் அதை அளக்க இயலாது. ஆனால் கறுத்து, நுரைத்து, கமறும் நெடி வீசும் வாணலியைக் கண்டால் வடையைத் தவிர்த்துவிடலாம். ரசீதில் சேவைக் கட்டணம் என்று தானாகவே சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் நெறிமுறை வெளியிட்டது. அப்படிச் சேர்த்திருந்தால் நீக்கித் தருமாறு கேட்கலாம். சாம்பார் நீர்த்திருந்தால் அதையும் கல்லாவில் இருப்பவரிடம் சொல்லலாம். பெரும்பாலோர் எதுவும் சொல்லாமல் அடுத்த நாள் முதல் வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள். கடைக்காரருக்குக் காரணம் தெரிவதே இல்லை.